அண்ணாந்து பார்த்த முகம்

“மொகத்த பாக்கலன்னு நீதான சொன்ன—”

“பாத்தேன். புருவத்துல வெட்டு இருந்ததுகூட—”

“எங்கிட்ட சொன்னப்ப புருவமே கெடையாது, அம்சா. வெறும் மொட்டத் தல, அவ்ளோதான்—”

“நீ குவைத்துல ஒட்டகம் மேச்சிக்கினு இருந்த. பஸ்ஸுல இருந்தது நான்.”

“ஒட்டகம் இல்ல. தண்ணி லாரி.”

“ஏதோ ஒண்ணு. இங்க இல்ல, இல்ல?”

அந்த வீட்டில் எந்தச் சண்டையும் அந்த ஒரு பேச்சில் வந்து முடிந்துவிடும். புருஷன் கோவர்த்தனன், பையனுக்கு ஆறு மாசம் இருந்தபோது குவைத்துக்குப் போனவன்; ஏழு வருஷம் கழித்து இப்போதுதான் வந்திருக்கிறான். வந்து பத்து நாள் ஆகிறது. கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்று இன்னும் கயிறு அவிழ்க்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பதினோரு மணிக்கு அம்சவேணி சித்தூர் கோர்ட்டில் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், திருப்பதியிலிருந்து வந்த பஸ்ஸில், தன்னோடு வந்த லட்சுமம்மாவின் செயினை அறுத்து, அவளைப் படியிலிருந்து தள்ளிவிட்டு ஓடியவன் இதோ இந்த ரங்கன்தான் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் அவனுக்குப் பத்து வருஷம் நிச்சயம் என்று சர்க்கார் வக்கீல் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வந்த மற்றவர்கள் அவரவர் ஊரில் இறங்கிப் போனவர்கள், ஒருத்தரும் கிடைக்கவில்லை. கண்டக்டர், முன்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். மொத்தக் கேஸும் அம்சவேணியின் இரண்டு கண்ணில் நின்றது.

ஒரு வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ரங்கன்மேல் என்றுதான் அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அவன் முகம் அவளை விட்டதில்லை. மாங்கூழ் ஃபேக்டரியில் தோல் சீவிக்கொண்டிருக்கும்போது கேட்டுப் பக்கம் ஒரு மொட்டைத் தலை தெரிந்தால் போதும், கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிடும். சித்தூரில் இருந்துகொண்டு மொட்டைத் தலைக்குப் பயந்தால் எங்கே போவது? திருப்பதி பஸ் ஒன்று வந்து நின்றால் பத்துத் தலையாவது சந்தனம் பூசிக்கொண்டு இறங்கும். ஆணா பெண்ணா, கிழமா குழந்தையா என்றுகூட முதுகுப்பக்கம் பார்த்தால் தெரியாது. அம்சவேணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போவதையே நிறுத்தியிருந்தாள்.

நடந்தது அவளுக்கு இப்படித்தான் ஞாபகம் இருந்தது. மாங்காய் சீசன், ஜூன் மாதம். கோவர்த்தனன் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கி, லீவில் வந்த திருப்பதிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அதை வாங்கிவர அம்சவேணி கிளம்பியபோது, ஃபேக்டரியில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் லட்சுமம்மாவும் துணைக்கு வந்தாள். திரும்பும்போது மத்தியானம். பஸ்ஸில் கூட்டம். பின்வாசல் ஓரம் ஒரே ஒரு சீட்டு கிடைத்தது. “நீ உக்காரு, எனக்குக் காத்து வேணும்” என்று லட்சுமம்மா படிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சந்திரகிரி தாண்டி, ரோடு வேலை நடந்த இடத்தில் பஸ் மெதுவாகப் போனது. ஒரு மொட்டைக்காரன் செயினைப் பிடித்து இழுத்தான். லட்சுமம்மா விடவில்லை. தள்ளிவிட்டான். அவள் தலை ரோட்டில் மோதிய சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. குதிப்பதற்கு முன்னால் அவன் ஒரு தடவை நிமிர்ந்து அம்சவேணியைப் பார்த்தான். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து, பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பொரிந்திருந்தது. அப்புறம் ஆள் இல்லை. செயின் கவரிங்.

இதை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு ஒரு சொல்லும் தடுக்காது. அதனால்தான், சம்மன் வந்தபிறகு முழுக் கதையையும் முதன்முதலாக நேரில் கேட்ட புருஷன், புருவத் தழும்பு வந்த இடத்தில் “அது எப்பிடி?” என்று நிறுத்தியபோது அவளுக்கு அப்படிக் கோபம் வந்தது.

அவன் சும்மா நிறுத்தவில்லை. அந்தக் காலத்தில் குவைத்துக்குப் போனவர்களின் வீடுகளில் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அதிகம். கதவைச் சாத்திக்கொண்டு, டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் எதிரில் இருப்பது போல ஒரு பக்கம் முழுக்கப் பேசுவார்கள். லீவு முடிந்து திரும்புகிற யாரிடமாவது அதைக் கொடுத்தனுப்புவார்கள். லட்சுமம்மா செத்த மறுநாள் அம்சவேணி அப்படி ஒரு கேசட் பேசி அனுப்பியிருந்தாள். வாங்கிய புது டேப்பில் அவள் பேசிய முதல் கேசட் அது. பேசியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்ன பேசினாள் என்பது இல்லை. அவனோ அதை அங்கே நூறு தடவை கேட்டிருந்தான். வேறு என்ன இருந்தது கேட்க?

கோவர்த்தனன் குனிந்து, கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். லுங்கிக்குள் சுற்றி வைத்திருந்த கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டியிருந்தான்.

“போடாத” என்றாள் அம்சவேணி.

“ஏன்?”

அம்சவேணி தண்ணீர் வருகிற நேரம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். தான் சொல்வதுதான் நிஜம் என்றால் ஒரு கேசட்டுக்கு எதற்கு இப்படிப் பயப்பட வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். திரும்பி வந்து, குடத்தை வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்தாள்.

“போடு” என்றாள்.

அலமாரிமேல் துணி போர்த்தி வைத்திருந்த அதே டேப். முதலில் இரைச்சல். அப்புறம் ஒரு பெண் குரல். இளைய குரல், மூக்கடைத்த குரல், அழுது ஓய்ந்த குரல். அது தன்னுடையது என்று தெரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“மாமா, நல்லா இருக்கியா. டேப் செட்டு வந்து சேந்துச்சு. கொழந்த நல்லா இருக்கறான். லட்சுமம்மா அக்கா போய்ட்டாங்க மாமா.”

டேப்பில் இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். கூட்டம், பின்வாசல், சந்திரகிரி, ரோடு வேலை, எல்லாம் வரிசையாக வந்தது. அம்சவேணிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவள் சொல்வதற்கு முன்பே இவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. அப்புறம் டேப்புக்காரி வேறு வழியில் போய்விட்டாள்.

“செட்டு பொட்டிய மடியில வெச்சிக்கினு அதுமேல குனிஞ்சிக்கினு இருந்தேன். அக்கா கத்துனாங்க. நிமிந்து பாத்தா ஒரு மொட்ட எறங்கி ஓடிக்கினு இருக்கறான். முதுகுதான் தெரிஞ்சிச்சு. கம்பியெல்லாம் சந்தனம், ஈரமா, எங்கையில ஒட்டிக்கிச்சு. மொகத்த பாக்கல மாமா. ஊர்ல எவ்ளோ மொட்ட. எவன்னு சொல்றது?”

கோவர்த்தனன் டேப்பை நிறுத்தக் கை நீட்டினான். கொஞ்சம் அவசரமாகத்தான் நீட்டினான். அம்சவேணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் மாமா அக்காவ படிகிட்ட நிக்கச் சொன்னேன். நீ அங்க நின்னா செட்டு மேல யாரும் உழமாட்டாங்கன்னு சொன்னேன். சரி அம்சான்னு போயி நின்னாங்க.”

அப்புறம் அழுகை. அப்புறம் டக்கென்று ஒரு சத்தம். இரைச்சல்.

கோவர்த்தனன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவள் கேட்கவில்லை. ‘எனக்குக் காத்து வேணும்’ என்று லட்சுமம்மா சொன்னது அவள் காதில் இப்போதும் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலின் கரகரப்புகூட. சொல்லாத ஒன்றை அந்தம்மாள் எப்படிச் சொன்னாள்? யார் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவள் குரலில் பேசியது?

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, கோவர்த்தனன் சொன்னான்: “கடைசியா நம்ம பையன் பேசுவான் பாரு. நைனா, எனக்கு ரிமோட் காருன்னு.”

இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. பையன் பேசவில்லை. அந்தப் பக்கம் தீர்ந்து டேப் தானாக நின்றது. கோவர்த்தனன் திருப்பிப் போட்டுக் கேட்டான். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். அழுகை, டக், இரைச்சல். மூலையில், அவன் கொண்டுவந்த ரிமோட் கார் பெட்டியோடு இருந்தது. கொடுத்த அன்றைக்கு, தான் கேட்டதே இல்லையே என்பது போலப் பையன் அதைப் பார்த்தான்.

“வேற கேசட்டா இருக்கும்” என்றான் கோவர்த்தனன். மற்றதை அவன் எடுக்கவில்லை. பிறகு தானாகவே சொன்னான்: “ரூம்ல எட்டு பேரு. எட்டு பேரு கேசட்டும் எல்லாரும் கேப்போம். காரு கேட்டது யாரு புள்ளயோ.” அதற்குமேல் அவனும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் அம்சவேணிக்கு உண்மையான பயம் வந்தது. அது ரங்கன்மேல் இல்லை.

கண்ணை மூடிப் பார்த்தாள். முகம் வந்தது. கேசட் கேட்டதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. புருவத் தழும்பு, பொரிந்த சந்தனம், அண்ணாந்து பார்க்கும் இரண்டு கண். எப்போதும் வருகிறது போலவே வந்தது.

அண்ணாந்து.

அவள் கண்ணைத் திறந்தாள். எழுந்து, பையன் உட்கார்ந்து எழுதும் முக்காலியில் உட்கார்ந்து, புருஷனை எதிரில் நிற்கச் சொன்னாள். ஏன் என்று கேட்காமல் நின்றான். அவன் முகம் மேலே இருந்தது. அவள்தான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவன் நின்றான். நின்றவன் உட்கார்ந்திருப்பவளை எப்படி அண்ணாந்து பார்ப்பான்?

தரையில் உட்கார்ந்திருந்தால் பார்ப்பான்.

போலீஸ் ஸ்டேஷன். மூன்றாம் நாள். பகலிலும் டியூப்லைட் எரிந்த அறை. ஒருத்தனைச் சுவரோரம் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். செயின் கேஸில் முன்பே மாட்டியவன் என்றார்கள். மொட்டைத் தலை, மூன்று நாள் சந்தனம் காய்ந்து பொரிந்து போயிருந்தது. இவன்தானே என்று கேட்டார்கள். மாதிரிதான் இருக்கு என்றாள். நல்லா பாரும்மா என்றார்கள். பார்த்தாள். அவனும் அண்ணாந்து அவளைப் பார்த்தான். ஒரு மணி நேரம் இருக்கும், வேறு பார்க்க ஒன்றும் இல்லாத அறையில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது, ஆமாம் என்றாள். யாரோ சோடா வாங்கிக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது, அக்காவுக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி மனசு லேசாக இருந்தது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அப்புறம் ஃபேக்டரியில் கேட்டார்கள். உன்னைப் பார்த்தானா என்றார்கள். பார்த்தான் என்றாள். எப்படிப் பார்த்தான் என்றார்கள். அதையும் சொன்னாள். ஒவ்வொரு சீசனிலும் புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். எல்லாரையும்விட அதிகம் கேட்டவள் லட்சுமம்மாவின் மகள் யமுனா. அப்போது பதினைந்து வயசுப் பெண். மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, இன்னொரு தரம் சொல்லு சின்னம்மா என்பாள். சொல்லாமல் இருக்க மனசு வராது. சொல்லும் ஒவ்வொரு தடவையும் மடியில் செட்டு கொஞ்சம் சிறுத்தது, முகம் கொஞ்சம் பெருத்தது. அம்சவேணி ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு நடுக்கமாக இருந்தது. பொய் சொன்னவளுக்காவது நிஜம் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

“இன்னா செய்யப்போற?” என்று கோவர்த்தனன் கேட்டான்.

அன்று முழுக்க அவள் வீட்டில் உள்ள சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அண்டா அம்மா கொடுத்ததா, தான் வாங்கியதா? பையனுக்கு முதலில் வந்த பல் மேலேயா, கீழேயா? எதை இழுத்தாலும் பளிச்சென்று வந்தது. பளிச்சென்று வருவதுதான் இப்போது அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் கோர்ட்டில், பெயர் கூப்பிட்டதும் அவள் கூண்டில் ஏறினாள். வக்கீல்கள், கட்டுக் கட்டாகக் காகிதம், மேலே சுற்றும் மின்விசிறி. அவள் மொட்டைத் தலையைத் தேடினாள். இல்லை. பிறகுதான் நாலு வருஷத்தில் முடி வளர்ந்திருக்கும் என்று உறைத்தது. சர்க்கார் வக்கீல் தெலுங்கில் பேர், ஊர், வேலை எல்லாம் கேட்டார். பஸ் வந்தது. கூட்டம் வந்தது. செயின் வந்தது. ஆசாமி இங்கே இருக்கிறானா, பார்த்துச் சொல்லு என்றார்.

பின்பக்கம் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த ஒருத்தன் தலையைத் தூக்கினான். எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்த தலை. கூண்டு உயரத்தில் இருந்தது. அவன் கீழே இருந்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான்.

உடனே பஸ் வந்துவிட்டது. எல்லாமே வந்துவிட்டது. கண்ணெதிரில் அந்த முடி உதிர்ந்து, சந்தனம் ஏறி, அவன் லட்சுமம்மாவின் கழுத்தில் கை வைத்தான், இழுத்தான், தள்ளினான். கேசட்டில் இருந்தது ஒரு மெல்லிய குரல். இது ரத்தமும் சதையுமாக இருந்தது. அவளுடைய வலது கை கூண்டின் கட்டையிலிருந்து தானாக எழும்பத் தொடங்கியது. அம்சவேணி இடது கையால் அதைப் பிடித்து அழுத்திக்கொண்டாள்.

“மொகம் சூட்லேதய்யா” என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை ஐயா.

சர்க்கார் வக்கீல் ஒரு நிமிஷம் காகிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “சூசாவா, லேதா?” பார்த்தாயா, இல்லையா என்று குரலை உயர்த்தினார். பார்க்கவில்லை, முதுகுதான் பார்த்தேன், முகம் ஸ்டேஷனில் பார்த்தது என்றாள். அன்றைக்கு ஆமாம் என்று கைரேகை வைத்தாயே என்றார். வைத்தேன் என்றாள். யார் மிரட்டினார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். இவள் பிறழ்சாட்சி என்று ஜட்ஜிடம் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி எதுவும் இல்லை என்று சிரித்தபடி உட்கார்ந்தார். பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டு, தெரியுமா என்று ஜட்ஜ் கேட்டபோது, எந்தச் சாட்சியைச் சொல்கிறார் என்று புரியாமல், தெரியும் என்று தலையாட்டினாள். போகச் சொன்னார்கள்.

இறங்கும்போது அவள் ரங்கனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நன்றியாக ஏதாவது தெரிந்திருக்கும். ஒருவேளை சிரிப்பாக இருந்திருக்கும். அவன் இல்லை என்று அவள் சொல்லவில்லையே. அவன்தானா என்பது இனிமேல் அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியாது.

கோவர்த்தனன் ஸ்கூட்டர் எடுக்கப் போனான். கோர்ட்டு வாசலில், டைப் அடிக்கும் கொட்டகைகளுக்குப் பக்கத்துப் படியில் யமுனா உட்கார்ந்திருந்தாள். தடா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை; லீவு போட்டு, விடியற்காலை பஸ் பிடித்து வந்திருந்தாள். சாட்சி சொல்லும்போது உள்ளேதான் இருந்தாள். நடுவில் எழுந்து வெளியே போனதை அம்சவேணி பார்த்தாள்.

திட்டுவாள், கையை ஓங்குவாள் என்று எதிர்பார்த்துப் பக்கத்தில் போய் நின்றாள். யமுனா நகர்ந்து இடம் விட்டாள். அம்சவேணி உட்கார்ந்தாள். கேசட்டைப் பற்றிச் சொன்னாள். ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னாள். நிறுத்தினால் மறுபடி வாய் வராது என்று தெரிந்து, மிச்சத்தையும் சொன்னாள்.

“உங்கம்மா காத்துக்காக நிக்கல. நான்தான் அங்க நிக்கச் சொன்னேன். செட்டு உடையக்கூடாதுன்னு.”

பக்கத்துக் கொட்டகையில் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் பத்திரம் டைப் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு யமுனா மெதுவாகச் சொன்னாள், குழந்தை மாதிரி மடியில் படுத்துக் கேட்ட அதே குரலில்.

“நான் அந்த பஸ்ஸுல இல்லவே இல்ல சின்னம்மா. ஆனா நீ சொல்லிச் சொல்லி எனக்கும் அவன் மொகம் வந்துடுச்சு. புருவத்துல வெட்டு, காஞ்ச சந்தனம், எல்லாம். தெனம் வருது. இன்னிக்கு உள்ள அந்த ஆள மொதல் தடவ பாத்தேன். நான் நாலு வருஷமா பாக்கற மொகம் அது இல்ல.”

அம்சவேணி அவள் கையைப் பிடித்தாள்.

“அப்ப கண்ண மூடுனா எங்கம்மாவ தள்ளிக்கினே இருக்கறானே, அவன் யாரு சின்னம்மா?”